சுத்தியல் யாருக்கு, திருப்புளி யாருக்கு?

மணவூர் ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டிய வேலிக்காத்தான் புதருக்குப் பக்கத்தில் ஒரு பையன் குந்திக்கொண்டு, கருங்கல் மேல் எதையோ வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். எங்கள் சேரிப் பையன்தான். எட்டாவது படிக்கிறான். கிட்டப் போய்ப் பார்த்தால் லேப்டாப். மூடியில் அரசு முத்திரை பாதி தேய்ந்து கிடந்தது.

"இன்னாடா பண்றே?"

"செம்பு எடுக்கறேன் சித்தப்பா. காயலாங்கடைல எடைக்குப் போட்டா காசு தருவாரு."

"யார்துடா இது?"

"அக்காவுது. ப்ளஸ் டூ படிக்கச்சொல்ல குட்தாங்களே, அது. ரிப்பேரு. கடைல காட்னதுக்கு போர்டு பூட்ச்சுன்ட்டாரு."

நான் தடுப்பதற்குள் இன்னும் ரெண்டு அடி விழுந்துவிட்டது. கோபம் வந்தது என்பது உண்மை. ஆனால் கோபத்தைவிட வேறொன்றுதான் என்னை அங்கே உட்காரவைத்தது. அவன் கண்டபடி அடிக்கவில்லை. லேப்டாப்புக்குள் விசிறிக்குப் பக்கத்தில் தட்டையாக ஒரு செம்புக் குழாய் ஓடும். பிராசஸர் சூட்டை விசிறிக்குக் கடத்துவதற்காக வைத்தது. அது எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிந்து, அதற்கு நேர்மேலே அடித்தான். இதுவரைக்கும் எத்தனை உடைத்திருக்கிறானோ! உடைத்து உடைத்தே அந்த இயந்திரத்தின் உடற்கூறு அவனுக்குப் பாடமாகியிருக்கிறது. இதைத் திறக்கவும் முடியும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. திறக்கிற கருவியை யாரும் கொடுக்கவுமில்லை. சுத்தியல் வீட்டில் இருந்தது, எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

புரட்சி, கருத்தியல், சொல்லாடல் என்று எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பழைய பிஸ்கட் டின்னையும் அதற்குள் நாங்கள் போட்டுவைத்த சாமான்களையும் பற்றித்தான் எழுதப்போகிறேன். சுத்தியல் யார் கையில், திருப்புளி யார் கையில் என்கிற கேள்வி சாதியைப் பற்றிய கேள்வி இல்லை என்று நினைப்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம்.

அந்த லேப்டாப் எங்கிருந்து வந்தது? 2011 செப்டம்பர் 15ஆம் தேதி, எங்கள் ரயில் பாதையை ஒட்டியே இருக்கிற திருவள்ளூர் காக்களூரில்தான் அந்தத் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அப்புறம் வந்த ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். இலவசம் என்று எள்ளி நகையாடியவர்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் கம்ப்யூட்டர் என்று ஒன்று முதன்முதலாக நுழைந்தது அந்தப் பையில்தான். அதற்கு நான் நன்றி சொல்வேன். என் குறை வேறு. பெட்டியைக் கொடுத்தார்கள், சார்ஜர் கொடுத்தார்கள், தூக்கிப்போகப் பை கொடுத்தார்கள். அது நின்றுபோனால் என்ன செய்வது என்பதை மட்டும் கொடுக்கவில்லை. இன்றைக்குச் சேரியில் வீட்டுக்கு வீடு தகரப் பெட்டியில், சாதிச் சான்றிதழுக்கும் பத்திரத்துக்கும் அடியில், செத்துப்போன லேப்டாப் ஒன்று கிடக்கிறது. தூக்கி எறிய மனசு வராது. கடைக்குக் கொண்டுபோகக் காசு இருக்காது. அக்காவுக்குக் கல்யாணமாகிப் போனபிறகு தம்பி எடுத்துக்கொண்டு போய்க் கல்லின் மேல் வைக்கிறான்.

அதற்கு முன்னே, 2006 செப்டம்பரில், கலர் டிவி கொடுக்கத் தொடங்கினார்கள். அதுவும் இதே கதைதான். பிக்சர் ட்யூபின் கழுத்தில் சுற்றியிருக்கிற செம்புக் கம்பிச் சுருளுக்காகக் கண்ணாடியை உடைப்பார்கள். அந்தக் கண்ணாடியில் காரீயம் கலந்திருக்கிறது. உடைக்கிறவனுக்குத் தெரியாது. ஒயரைக் கொளுத்தி, பிளாஸ்டிக்கை எரித்துச் செம்பை எடுக்கும்போது எழும் கரும்புகையில் என்னவெல்லாம் இருக்கிறது என்பதும் தெரியாது. ஊரில் யாராவது கொளுத்துகிறார்களா, கவனித்திருக்கிறீர்களா? குப்பை எங்கே போய்ச் சேருகிறதோ அங்கேதான் நாம் இருக்கிறோம், இல்லாவிட்டால் நாம் இருக்கிற இடத்துக்குக் குப்பை வந்து சேர்கிறது. மின்னணுக் கழிவுக்கு 2011இலேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. 2022இல் புதுசாகப் போட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தயாரிப்பாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் எல்லோரும் பதிவு செய்துகொள்ள வேண்டுமாம். வேலிக்காத்தான் புதருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருக்கிற எட்டாம் வகுப்புப் பையன் அதில் எந்தக் கட்டத்தில் வருவான்?

என் நைனா ரயில்வேயில் கீமேன். தினம் தினம் தன் எல்லைக்குட்பட்ட பாதை முழுக்க நடந்து போய், தண்டவாளத்தைப் பிடித்திருக்கிற கிளிப், போல்ட் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற வேலை. தோளில் நீளப் பிடி போட்ட சுத்தியல், கையில் ஸ்பேனர், இடுப்பில் சிவப்புக் கொடி. அந்தச் சுத்தியலைச் சாயங்காலம் வந்து சுவரோரம் வைக்கும்போது ஆயா சொல்லும், "அத்த தொடாதடா, சர்க்கார் சாமானு." எங்கள் குடும்பத்தில் மாடு, மண்வெட்டி, கூடை, பறையடிக்கும் குச்சி இதையெல்லாம் தாண்டி வந்த முதல் கருவி அதுதான். ஊர்க்காரன் கொடுக்காத கருவி. மாசச் சம்பளத்தோடு வந்த கருவி. அதனால் சுத்தியல் மேல் எனக்குப் பகை ஒன்றுமில்லை. நைனாவுடைய சுத்தியல் உடைப்பதற்கானது இல்லை. தட்டிச் சத்தம் கேட்டு, தளர்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்கானது. ஆயிரம் பேர் பத்திரமாக அரக்கோணம் போய்ச் சேருவதற்கானது. ஒரு கருவி எந்த வேலைக்கு என்று யார் தீர்மானிக்கிறார்கள், அதில்தான் விசயமே இருக்கிறது.

எனக்கு முதல் திருப்புளி கிடைத்தது இப்படியில்லை. பத்தாவது முடித்துவிட்டு, பக்கத்து டவுனில் ஒரு ரேடியோ டிவி ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்பேத்கர் நூற்றாண்டு கொண்டாடிக்கொண்டிருந்த சமயம். சாலிடேரும் டயனோராவும் மூலைக்கு மூலை அடுக்கியிருக்கும். கூட்டுவது, டீ வாங்கி வருவது, செத்த டிவியைத் தூக்கி வருவது, உதிரிபாகங்களைக் கழற்றிப் பிரித்து வைப்பது என் வேலை. மேசையில் உட்கார்ந்து மீட்டர் வைத்துப் பார்ப்பது அவருடைய தங்கச்சி பையனுக்கு. ரெண்டு வருசம் இருந்தேன். கழற்றினேன், கழற்றினேன், கழற்றிக்கொண்டேயிருந்தேன். மாட்டுவதற்கு விடவில்லை. ஆயுத பூசை அன்றைக்கு எல்லாக் கருவியையும் கழுவித் துடைத்துப் பலகையில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நான் தினமும் பிடிக்கிற திருப்புளியும் கட்டிங் பிளேயரும் அந்தப் பலகையில் இருந்தன. நான் வாசல்படிக்கு வெளியே நின்றிருந்தேன். பொரியும் வெல்லமும் காகிதத்தில் வைத்துத் தூக்கிப் போட்டார்கள். கருவிக்கு உள்ளே இடமிருந்தது, கருவியைப் பிடித்த கைக்கு இல்லை. அடுத்த நாளிலிருந்து நான் போகவில்லை. கணக்கு பார்க்கப் போனால், அங்கே திருட்டுத்தனமாகப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் இன்றைக்கு நான் பசங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும்.

சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைப்பது என்று பாபாசாகேப் எழுதியது 1936இல். லாகூரில் பேச அழைத்தவர்கள் பின்வாங்கிவிட, பேச்சைத் தானே அச்சடித்து வெளியிட்டார். அதே 1936இல்தான் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் என்பவர் கூட்டல் குறி மாதிரி தலை வெட்டிய திருகாணிக்குக் காப்புரிமை வாங்கினார். நம்ம பசங்க ஸ்டார் என்று சொல்கிற அதே ஸ்க்ரூதான். ரெண்டுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் எனக்கு இந்த வருச ஒற்றுமை பிடித்திருக்கிறது. ஒரு கையில் அந்தப் புத்தகம், இன்னொரு கையில் அந்த ஸ்டார் திருப்புளி என்று ஒரு படம் யாராவது வரைந்து கொடுத்தால் இரவுப்பள்ளிச் சுவரில் ஒட்டிக்கொள்வேன்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

பசங்க நாலு பேர், பொண்ணுங்க ரெண்டு பேர், நான். அரக்கோணம் லோக்கலில் ஏறி மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கினோம். பேரைப் பாருங்கள். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் பேர்தான் அந்த ஸ்டேஷனுக்கு. பழைய புத்தகமும் பழைய கிராமபோனும் ஏழைபாழைகள் பேரம் பேசி வாங்கிய இடம். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ரிச்சி தெரு. தெரு என்று சொன்னாலும் அது நரசிங்கபுரம் தெருவோடு சேர்ந்த ஏழெட்டுச் சந்து. தமிழ்நாட்டில் எந்த மூலையில் எந்த மின்னணுச் சாமான் பழுதானாலும் அதற்குப் பாகம் இங்கேதான் தேட வேண்டும். பசங்களுக்கு அந்தச் சந்துகளைப் பார்த்ததும் திருவிழா மாதிரி ஆகிவிட்டது.

போனதும் எல்லோரும் கேட்டது பெரிய பெட்டி ஒன்றைத்தான். முப்பத்திரண்டு முனை, காந்தப் பிடி, பளபளப்பான மூடி, விலையும் சல்லிசு. வேண்டாம் என்றேன். பசங்களுக்கு வருத்தம். அந்த முனைகள் மெல்லிய இரும்பு. இறுகிய ஸ்க்ரூவில் வைத்து ரெண்டு திருகு திருகினால் முனை மழுங்கும், ஸ்க்ரூவின் தலையும் வழுக்கையாகும். அப்புறம் அது எந்தக் காலத்திலும் வெளியே வராது. அதற்குப் பதிலாக நல்ல எஃகில் செய்த மூன்று ஸ்டார் வாங்கினோம். லேப்டாப்புக்கும் போனுக்கும் சன்னமான இரட்டைச் சுழியம், லேப்டாப் அடிப்பாகத்துக்கு ஒற்றைச் சுழியம், பெரிய கம்ப்யூட்டர் பெட்டிக்கு ரெண்டாம் நம்பர். ஹார்ட் டிஸ்க் திறக்க ஆறுமுனை நட்சத்திரம், டி6, டி8. ஒரு மைனஸ். போன் கம்பெனிகளில் ஒன்று, ஆப்பிள், 2009 வாக்கில் ஐந்து இதழ் பூ மாதிரி ஒரு ஸ்க்ரூத் தலையைக் கொண்டுவந்தது. சாதாரணக் கடையில் கிடைக்கிற எந்தத் திருப்புளியும் அதில் உட்காராது. காசு கொடுத்து வாங்கியவனே தன் பொருளைத் திறந்து பார்க்கக் கூடாது என்பதற்குத்தானே அது? அக்கிரகாரத்து வாசலில் போட்ட பலகை ஞாபகத்துக்கு வந்தது. அதற்கும் ஒரு முனை இப்போது ரிச்சி தெருவில் கிடைக்கிறது. ஐபோன் ஒன்றுகூட இல்லாத எங்கள் சேரிக்கு அது எதற்கு என்று ஒரு பொண்ணு கேட்டாள். வீம்புக்காக வாங்கினேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

மஞ்சள் நிறத்து மல்டிமீட்டர் ஒன்று, மலிவானதுதான். சார்ஜரில் 19 வோல்ட் வருகிறதா, போர்டில் இருக்கிற வட்ட பேட்டரியில் 3 வோல்ட் இருக்கிறதா, ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறதா என்று பார்க்க அது போதும். வீட்டுக் கரண்டை அதில் அளக்கக் கூடாது என்று டின் மூடியிலேயே சிவப்பு பெயின்டில் எழுதிவைத்தேன். மலிவு மீட்டருக்குள் அதற்கான பாதுகாப்பு கிடையாது. 25 வாட் சால்டரிங் அயன், ஈயக் கம்பி, பிளக்ஸ், தப்பாக வைத்த ஈயத்தை உறிஞ்சி எடுக்கும் பம்ப். கூர் முனைச் சாமணம் ஒன்று. லேப்டாப் ஓட்டைப் பிளக்க வெளிநாட்டில் இதற்கென்று பிளாஸ்டிக் தகடு விற்கிறார்கள். செத்துப்போன ஏடிஎம் கார்டு அதைவிட நன்றாக வேலை செய்கிறது. அப்புறம் பெயின்ட் பிரஷ், பழைய பல் பிரஷ், பென்சில் ரப்பர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில். எல்லாம் சேர்த்து ரெண்டாயிரத்துச் சொச்சம். பேருந்து மறியல் ஒன்றுக்கு நாம் அடிக்கிற சுவரொட்டிச் செலவு.

ஈயக் கம்பி என்று சொன்னேன் அல்லவா, அதில் நூற்றுக்கு 60 வெள்ளீயம், 40 காரீயம். 190 டிகிரிக்குள்ளாக உருகிவிடும். பசங்க முதல் தடவை அயனை வைத்து அது வெள்ளி மாதிரி பளபளவென்று ஓடுவதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அப்போது அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் வெள்ளீயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்ம சூத்திரம், பன்னிரண்டாம் அத்தியாயம். சூத்திரனுக்கே அப்படி என்றால் அவனுக்கும் கீழே தள்ளப்பட்டவனுக்கு என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறிவைக் கேட்டதற்குத் தண்டனையாக உருகிய அதே உலோகம், இப்போது உன் கையில், நீ சொன்ன இடத்தில் ஒட்டுகிறது. கதை முடிந்ததும் ஒருத்தன் கேட்டான், "காரீயம் இல்லியா சித்தப்பா அதுல?" நியாயமான கேள்வி. காரீயம் நஞ்சு. தின்றுகொண்டே வேலை செய்யக் கூடாது, முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், கைக்குழந்தையைப் பக்கத்தில் விடக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். எழும்புகிற புகை பெரும்பாலும் பிளக்ஸ் எரிகிற புகை. அதுவும் நுரையீரலுக்கு ஆகாது. நம்மை ஈயம் காய்ச்சி ஊற்றியும் கொல்வார்கள், தெரியாமலே தின்னவைத்தும் கொல்வார்கள். ரெண்டாவதுக்கு நாமே இடம் கொடுக்க வேண்டாம். புதிய போர்டுகளில் காரீயம் கிடையாது, அந்த ஈயம் உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். 25 வாட் அயன் சில இடங்களில் திணறும். பழைய ஈயத்தைக் கொஞ்சம் அதன்மேல் கலந்துவிட்டால் இளகி வரும். இது அந்த டவுன் கடையில் ஓரக்கண்ணால் பார்த்துத் திருடிய வித்தை.

ஒரு விசயத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. போர்டைத் தொடுவதற்கு முன்னால் உடம்பில் சேர்ந்திருக்கிற நிலை மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும், எர்த் ஆன உலோகத்தைத் தொட்டுக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். சேரியில் எர்த்துக்கு எங்கே போவது? தொகுப்பு வீடுகளில் ரெண்டு ஓட்டை பிளக்தான். மூணு ஓட்டை இருந்தாலும் பின்னால் பச்சை ஒயர் எங்கேயும் போய்ச் சேரவில்லை. ஒரு விளக்குத் திட்டத்தில் கொடுத்த இணைப்பிலிருந்து ஒட்டுப்போட்டு இழுத்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. லேப்டாப் சார்ஜரை மாட்டிவிட்டு மேலே கை வைத்தால் சிலீரென்று உறுத்தும், அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஸ்க்ரூவைத் தேடி ரிச்சி தெருவுக்குப் போன நாங்கள், கடைசியில் இரவுப்பள்ளிக்கு ஒரு எர்த் குழி தோண்டச் சொல்லி எலெக்ட்ரீஷியனிடம் போய் நின்றோம். குழியை நாங்களே தோண்டினோம், கரியும் உப்பும் நாங்களே கொட்டினோம். பெட்டி வாங்கிய செலவில் பாதி அதற்கு ஆயிற்று. பிறகுதான் தோன்றியது, இந்த வேலையை எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் செய்யச் சொல்லி மனு கொடுத்திருக்க வேண்டியது பத்து வருசத்துக்கு முன்னால் என்று. இப்போது கொடுத்திருக்கிறோம்.

முதலில் திறந்தது ஒரு பொண்ணுடைய லேப்டாப். பத்து நிமிசம் ஓடும், அணைந்துவிடும். இதற்கும் போர்டு போச்சு என்ற தீர்ப்புதான், விலையும் சொல்லியிருந்தார்களாம். அடிப்பாகத்து ஸ்க்ரூக்களைக் கழற்றும்போதே ஒரு நோட்டில் லேப்டாப்பின் படத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டை என்று அதனதன் இடத்தில் செலோடேப் போட்டு ஒட்டச் சொன்னேன். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் திருகினால் அது போர்டையே துளைத்துவிடும். உள்ளே விசிறியின் வாயில் கம்பளி மாதிரி தூசி அடைத்திருந்தது. விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் எடுத்தாள். காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதுசு வைத்தோம். மெமரியைக் கழற்றி அதன் தங்கநிறப் பல்லைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மாட்டினோம். ஓடியது. பேட்டரி செத்ததுதான், சார்ஜரில் போட்டால்தான் ஓடும். அதில் அவள் குரூப் 4க்குப் படிக்கிறாள்.

எல்லாம் இப்படி முடிந்தது என்று எழுதினால் பொய். ரெண்டாவது லேப்டாப்பில் சார்ஜர் மாட்டும் துவாரம் ஆடிக்கொண்டிருந்தது. அதை நானே மாற்றுகிறேன் என்று உட்கார்ந்து, அவசரத்தில் அதிக நேரம் அயனை வைத்து, போர்டில் ஒட்டியிருந்த செம்புப் பட்டையையே உரித்துவிட்டேன். என் தப்புதான். அந்த வீட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னபோது, "கெடந்து என்னாத்துக்கு ஆவுது, உடு" என்றார். அந்தப் பெருந்தன்மை என்னை ரெண்டு நாள் தூங்கவிடவில்லை. மூன்றாவது ஒன்றில் பேட்டரி உப்பியிருந்தது. உப்பிய லித்தியம் பேட்டரியைத் திருப்புளியால் நெம்பக் கூடாது. குத்திவிட்டால் தீப்பிடிக்கும். அதை மணல் போட்ட வாளியில் வைத்துத் தனியே ஒதுக்கிவிட்டோம். பிக்சர் ட்யூப் டிவியையும் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டியையும் திறக்கவே கூடாது என்பதும் எங்கள் விதி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற கெபாசிட்டரில் ஆளைத் தூக்கியடிக்கிற மின்சாரம் நிற்கும்.

இனி சண்டைக்கு வருகிறேன். இயக்கத்தில் எனக்கு மூத்த தோழர் ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்பா, கையில இருந்த கருவிய பறிச்சிப் போட்டுட்டு பேனாவ குடுத்தாரு பாபாசாகேப். நீ மறுபடியும் பசங்க கையில ஸ்பேனர குடுக்கறே. கோட்டு போட்டுக்கச் சொன்னவரு படத்துக்குக் கீழ ஒக்காந்து காயலாங்கடை நடத்தறியா?"

சும்மா தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் அதை எதிர்த்துப் போராடினார். 1954இல் காமராசர் வந்ததும் அது போயிற்று. அந்தத் திட்டம் நின்றிருந்தால் நான் இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கைத்தொழிலைக் கற்றுக்கொடுக்கிறேன் என்று யார் நம்மிடம் வந்தாலும் முதலில் சந்தேகப்படுவதுதான் சரி. ஐடிஐக்கு அனுப்புங்கள், பட்டப்படிப்பு எதற்கு என்று நம்ம பசங்களுக்கு மட்டும் அறிவுரை சொல்கிற ஆசிரியர்களை எனக்கும் தெரியும்.

ஆனால் தோழர், குலக்கல்வி சொன்னது அப்பன் கருவியைப் பிள்ளைக்குக் கொடு என்பது. இந்த டின்னில் இருப்பது யாருடைய அப்பனின் கருவியும் இல்லை. மல்டிமீட்டருக்குக் குலம் கிடையாது. அதற்குள் ஒரு குலத்தை உண்டாக்கத்தான் பார்க்கிறார்கள். கழற்றுகிறவன் ஒருத்தன், மாட்டுகிறவன் ஒருத்தன், மேசையில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப் வழியாகச் சிப் பார்க்கிறவன் ஒருத்தன், வெளியே கொட்டியதைக் கொளுத்துகிறவன் ஒருத்தன். தொழில் பிறந்து முப்பது நாற்பது வருசம்தான் ஆகிறது, அதற்குள் வர்ணம் பிரித்துவிட்டார்கள். அதை நாம் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறோமா? பேனாவை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. பேனா பிடிக்கிற அதே பொண்ணு, தான் தட்டச்சு செய்கிற இயந்திரம் நின்றுபோனால் எவனோ சொல்கிற தீர்ப்பை நம்பிக்கொண்டு பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டியதில்லை என்கிறேன். நிபுணன் சொன்னால் அப்பீல் கிடையாது என்பதும் ஒருவகைப் பார்ப்பனியம்தான்.

இன்னொரு பக்கத்தையும் தோழர் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பொண்ணுங்க விடியற்காலை கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்குப் போகிறார்கள். 2006இல் நோக்கியா அங்கே உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்தே இந்த பஸ் ஓடுகிறது. 2014 நவம்பரில் அந்த ஆலை நின்றது. வேறு கம்பெனிகள் வந்தன. என் அக்கா மகள் அவற்றில் ஒன்றில் நாலு வருசம் இருந்தாள். அவள் வேலை, நகர்ந்து வருகிற போனில் ஒரே இடத்தில் ஒரே ஸ்க்ரூவை இறக்குவது. தொங்குகிற திருப்புளி தானே சுழன்று தானே நிற்கும். எத்தனை ஆயிரம் போன் அவள் கைபட்டுப் போனதோ. ஆனால் தன் சொந்தப் போன் நின்றபோது அதை எப்படித் திறப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. திருப்புளி கையில் இருந்தும் இல்லாதது மாதிரி. இப்போது டின்னிலிருந்து ஒற்றைச் சுழியத்தை எடுத்துப் பசங்களுக்கு ஸ்க்ரூ இறக்குவது எப்படி என்று காட்டுகிறவள் அவள்தான். எங்கே நிறுத்த வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக்கூட அந்த நிதானம் வராது.

2025 மார்ச் பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்களுக்கு ரெண்டு ஆண்டுகளில் 20 லட்சம் லேப்டாப் அல்லது டேப்லட் என்று மாநில அரசு அறிவித்தது. நல்லது, வாங்கிக்கொள்வோம். கூடவே கேட்போம். ஆதிதிராவிடர் நல விடுதி ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, ஒரு எர்த் இணைப்பு, ஒரு பெட்டி கருவி வேண்டும். லேப்டாப்பை எப்படித் திறப்பது என்கிற புத்தகம் தமிழில் வேண்டும். பழுதுபார்க்கும் உரிமை என்று 2022 டிசம்பரில் மத்திய அரசு ஒரு இணையதளம் திறந்தது. அதைப் படித்துப் பயனடைய நம்ம பசங்களுக்கு முதலில் இங்கிலீசைப் பழுதுபார்க்க வேண்டும். அரசு கொடுக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கருத்தரங்கு ஒன்றைக் குறைத்துக்கொண்டால் நாலு ஊருக்குப் பெட்டி வாங்கலாம். இதைக் கருத்தரங்கு எதிர்ப்பு என்று திரித்து யாரும் கடிதம் எழுத வேண்டாம், நானும் பேசப் போகிறவன்தான்.

சுத்தியல் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். அவன் அக்காவுடைய லேப்டாப் போனது போனதுதான். செம்புக்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன், சொல்லமாட்டேன் என்கிறான். ராத்திரி வருகிறான், சில நாள் வருவதில்லை. உட்கார்ந்து நோட்டில் படம் வரைவது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாலும், எந்த ரப்பர் அடிக்கட்டைக்குக் கீழே ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது என்று அவன்தான் முதலில் சொல்கிறான்.

டின் இரவுப்பள்ளி அலமாரியில் இருக்கிறது. பூட்டவில்லை. யார் எதை எடுத்தாலும் நோட்டில் எழுதிவிட்டு எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. இரட்டைச் சுழியம் ஸ்டார் ஒன்று பத்து நாளாகக் காணவில்லை, நோட்டிலும் இல்லை. இதைப் படிக்கிற மணவூர்த் தோழர் யாராவது எடுத்திருந்தால், வேலை முடிந்ததும் கொண்டுவந்து வைத்துவிடவும்.